ஒரு பவுண்டு கொத்துக்கறி, ஒரு குடும்பம்: வீட்டு பர்கரின் வரலாறு

பர்கர் என்று சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணாடிக் கதவு போட்ட கடை, ஏசிக் குளிர், பளபளக்கும் மெனு பலகை, காகிதத்தில் சுற்றித் தரப்படும் கொழுத்த பன். கையில் காசு தாராளமாக இருக்கும் நாளில் போய்ச் சாப்பிடும் பண்டம் என்ற எண்ணம். ஆனால் அது வளர்ந்து ஆளான அமெரிக்காவில் அதற்கு இன்னொரு முகம் உண்டு. சம்பள நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, பர்ஸில் சில்லறைதான் மிச்சம், வீட்டில் நான்கைந்து வயிறு காத்திருக்கிறது... அப்போது அடுப்பில் ஏறியதுதான் வீட்டு பர்கர்.

இந்தக் கட்டுரை அந்த வீட்டு பர்கரைப் பற்றியது. பர்கர் கடைகளின் வரலாறு ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டது. கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்திய சமையலறைகளின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. ஒரு நாட்டின் வறுமைக் கோடே அந்தச் சமையலறைக் கணக்கிலிருந்துதான் பிறந்தது என்றால் நம்ப முடிகிறதா? கடைசி வரை படியுங்கள்!

ஊர்ப் பெயர் உணவுக்கு வந்த கதை

"ஹாம்பர்கர்" என்ற பெயரில் "ஹாம்" இருப்பதால் அது பன்றி இறைச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் ஊர்ப் பெயர். ஹாம்பர்க் ஜெர்மனியின் பெரிய துறைமுக நகரம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்களில் லட்சக்கணக்கானோர் அங்கிருந்துதான் கப்பலேறினார்கள். கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயம் சேர்த்து வட்டமாகத் தட்டிச் சுட்டதை அமெரிக்க உணவகங்கள் "ஹாம்பர்க் ஸ்டேக்" என்று அழைத்தன.

அதை இரண்டு ரொட்டிக்கு நடுவில் முதலில் வைத்தது யார் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் சீமோர் ஊர்க்காரர்கள் 1885 என்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பர்க் என்றே ஓர் ஊர் இருக்கிறது, அவர்களும் அதே 1885 என்கிறார்கள். கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் உள்ள லூயிஸ் லஞ்ச் கடை 1900 என்கிறது. டெக்சாஸ்காரர்களுக்கும் ஒரு கதை உண்டு. ஒரே நேரத்தில் பல இடங்களில் பலருக்குத் தோன்றிய யோசனை என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

சரி, கொத்துக்கறி ஏன் மலிவு? ஒரு மாட்டை அறுத்தால் ஸ்டேக் போடும் அளவுக்கு மென்மையான பகுதி கொஞ்சம்தான் தேறும். கழுத்து, தோள், கால் என்று உழைத்து முறுக்கேறிய தசைகள்தான் அதிகம். அவற்றை அப்படியே சுட்டால் கடிக்க முடியாது. மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும், அல்லது பொடியாகக் கொத்த வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேசை விளிம்பில் திருகிப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றினால் இறைச்சியை அரைத்துத் தள்ளும் இரும்பு எந்திரம் வீடுகளுக்கு வந்தது. பிலடெல்பியாவின் எண்டர்பிரைஸ் நிறுவனம் இந்த எந்திரங்களால் புகழ்பெற்றது. இந்த ஒரு எந்திரம் சமையலறைப் பொருளாதாரத்தையே மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சியின் மிச்சம்கூட திங்கட்கிழமை அரைபட்டு, இன்னொரு வேளைச் சாப்பாடாக ஆகிவிடும்.

எங்கல் சொன்ன விதி

வணிகவியல், பொருளாதாரம் படிப்பவர்களுக்கு எர்ன்ஸ்ட் எங்கல் என்ற பெயர் தெரிந்திருக்கும். (மார்க்ஸின் நண்பர் எங்கெல்ஸ் வேறு, இவர் வேறு!) ஜெர்மானியப் புள்ளியியலாளரான இவர் 1857ல் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து ஒரு விதியைச் சொன்னார். குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். ஏழை வீட்டில் வருமானத்தில் பாதிக்கு மேல் வயிற்றுக்கே போய்விடும். பணக்காரர் எவ்வளவுதான் தின்றாலும் அது அவர் வருமானத்தில் சிறு பங்குதான்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குகளைப் பார்த்தால் இது விளங்கும். 1901ல் சராசரி அமெரிக்கக் குடும்பம் தன் செலவில் சுமார் 43 சதவீதத்தை உணவுக்குச் செலவிட்டது. 1950ல் அது சுமார் 30 சதவீதம். 2002-03ல் சுமார் 13 சதவீதம். ஆக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறைச்சி விலை கொஞ்சம் ஏறினாலும் வீடே ஆட்டம் காணும்.

1902 மே மாதம் நியூயார்க்கில் அதுதான் நடந்தது. யூதர்கள் தங்கள் மத முறைப்படி அறுத்த கோஷர் இறைச்சியைத்தான் வாங்குவார்கள். அதன் விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக உயர்ந்தது. (ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம்.) ஒரே தாவலில் 50 சதவீத ஏற்றம்! கீழ்க் கிழக்குப் பகுதியின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த புலம்பெயர்ந்த பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கறிக்கடைகளின் முன்னால் நின்று யாரும் வாங்கக் கூடாது என்று தடுத்தார்கள். வாங்கியவர்களின் கையிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தெருவில் வீசினார்கள். பலர் கைதானார்கள். ஜூன் மாதம் விலை 14 சென்ட்டுக்கு இறங்கியது. ஓட்டுரிமைகூட இல்லாத பெண்கள் அவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அரைத்தது யார்?

கொத்துக்கறிக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. முழுத் துண்டாக இருந்தால் பார்த்து வாங்கலாம். அரைத்த பிறகு அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

1906ல் அப்டன் சின்க்ளேர் "தி ஜங்கிள்" என்ற நாவலை வெளியிட்டார். சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்லவே அவர் அதை எழுதினார். ஆனால் படித்தவர்களை உலுக்கியது அங்கே இறைச்சி தயாரான விதம்தான். அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இறைச்சி ஆய்வுச் சட்டமும், தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமும் கையெழுத்தாயின. சட்டம் வந்தாலும் சந்தேகம் போய்விடவில்லை. விவரமான இல்லத்தரசி கறிக்கடையில் துண்டைக் காட்டி, கண் முன்னால் அரைக்கச் சொல்லி வாங்கினாள். இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே அரைத்தாள். வீட்டு பர்கரின் முதல் மூலதனம் நம்பிக்கை.

கடைக்காரர்களும் இதைப் புரிந்துகொண்டார்கள். 1921ல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்க்ரமும் "வைட் காசில்" கடையைத் தொடங்கினார்கள். வெள்ளைக் கட்டடம், பளபளக்கும் எஃகு, வெள்ளைச் சீருடை, வாடிக்கையாளர் பார்க்கும்படி சமையல். எல்லாமே "இது சுத்தமானது" என்று சொல்வதற்காக. விலை 5 சென்ட். பின்னர் பர்கர் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று காட்ட, ஒரு மருத்துவ மாணவரை 13 வாரம் வெறும் பர்கரும் தண்ணீருமாகச் சாப்பிட வைத்து ஒரு சோதனைக்கே அந்த நிறுவனம் பணம் கொடுத்தது என்றால் பாருங்கள்! பை நிறைய வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று அவர்கள் செய்த விளம்பரம், பர்கரைக் குடும்பச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தது.

வீட்டு பர்கருக்குத் தேவைப்பட்ட இன்னொன்று ரொட்டி. 1928 ஜூலையில் மிசௌரி மாநிலத்தின் சில்லிகோத்தி ஊரில், ஓட்டோ ரோவெடர் கண்டுபிடித்த எந்திரத்தால் வெட்டப்பட்ட ரொட்டி முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. பன் வாங்கக் காசில்லாத வீடுகளில் இரண்டு துண்டு ரொட்டியே பன். அது பல வீடுகளில் கடைசி வரை அப்படியே இருந்தது.

வெங்காயமும் மாவும் காப்பாற்றிய காலம்

1929ல் பங்குச் சந்தை சரிந்தது. 1933ல் அமெரிக்காவில் வேலை தேடுவோரில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. இந்தப் பெருமந்தக் காலத்தில்தான் கொத்துக்கறியின் உண்மையான குணம் வெளிப்பட்டது. அதை "நீட்ட" முடியும். ஸ்டேக் துண்டை நீட்ட முடியாது. கோழிக்காலை நீட்ட முடியாது. கொத்துக்கறியில் எதைச் சேர்த்தாலும் ஏற்றுக்கொள்ளும்.

ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ என்ற சிறு ரயில்வே ஊர். 1920களில் அங்கே கடைக்காரர்கள் ஒரு பிடி கொத்துக்கறியின் மேல் அதே அளவுக்கு மெல்லிசாகச் சீவிய வெங்காயத்தைக் குவித்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்துச் சுட்டார்கள். வெங்காயம் மலிவு, இறைச்சி விலை அதிகம். பர்கர் பெரிதாகத் தெரியும், வயிறும் நிறையும். வறுமைக்காகச் செய்த தந்திரம் ருசியாக மாறி, இன்று அந்த ஊரின் பெருமையே வெங்காய பர்கர்தான். மிசிசிப்பி மாநிலத்தின் கொரிந்த் ஊரில் கறியோடு மாவைக் கலந்து எண்ணெயில் பொரித்தார்கள். அதற்கு "ஸ்லக் பர்கர்" என்று பெயர். ஸ்லக் என்றால் நத்தை இனப் பூச்சி என்று பயப்பட வேண்டாம். அது 5 சென்ட் நாணயத்துக்கு வழங்கிய கொச்சைப் பெயர் என்பார்கள்.

வீடுகளில் ஓட்ஸ், பழைய ரொட்டித் தூள், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஒரு முட்டை என்று கலந்தார்கள். ஒரு பவுண்டு கறியைத் தனியாகத் தட்டினால் நான்கு பர்கர். ஒரு கப் ரொட்டித் தூளும் முட்டையும் வெங்காயமும் சேர்த்தால் ஆறு வரும். இதில் ஓர் அறிவியலும் இருக்கிறது. வெறும் கறி வாணலியில் சுருங்கும், கொழுப்பும் நீரும் வெளியே ஓடும். ரொட்டியில் உள்ள மாவுச்சத்து அந்தச் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சுருக்கம் குறையும். அதாவது, சேர்த்த ரொட்டியின் எடை மட்டும் லாபமில்லை, இழக்காமல் காத்த சாறும் லாபம்!

அரசாங்கமும் இதில் இறங்கியது. அமெரிக்க விவசாயத் துறையில் 1923ல் மனைப் பொருளாதாரப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 1926 அக்டோபரில் அந்தப் பிரிவு வானொலியில் ஒரு கற்பனைப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தியது. "அங்கிள் சாம்" அமெரிக்காவின் குறியீடு அல்லவா? அவருடைய மனைவி "ஆண்ட் சாமி". ஒரே உரையை வெவ்வேறு ஊர் வானொலி நிலையங்களில் வெவ்வேறு பெண்கள் ஆண்ட் சாமியாகப் படித்தார்கள். என்ன சமைக்கலாம், மிச்சத்தை என்ன செய்யலாம், காசை எப்படி மிச்சப்படுத்தலாம் என்ற பேச்சு.

1933ல் அந்தப் பிரிவின் ஹேசல் ஸ்டீபலிங், மெடோரா வார்ட் என்ற இரு பெண்கள் நான்கு நிலை உணவுத் திட்டங்களை வெளியிட்டார்கள். தாராளமான உணவு, நடுத்தரமான உணவு, குறைந்த செலவில் போதுமான உணவு, நான்காவதாக நெருக்கடி காலத்துக்கான கட்டுப்பாட்டு உணவு. இந்த நான்காவது வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது திரும்ப வரும்.

அந்தக் காலத்துச் சித்திரக் கதைகளிலும் பர்கர் நுழைந்தது. பாப்பாய் தொடரில் வரும் விம்பி என்ற குண்டு மனிதர் எப்போதும் பர்கரைக் கடனுக்குக் கேட்பார், செவ்வாய்க்கிழமை காசு தருவதாகச் சொல்வார். அந்தச் செவ்வாய்க்கிழமை வரவே வராது. கடன் சொல்லிச் சாப்பிடும் நிலை ஊரெங்கும் இருந்ததால்தான் மக்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்க மட்டும் செய்யவில்லை. 1935 ஜூலையில் மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்ட்ராமிக் என்ற தொழிலாளர் நகரில், இறைச்சி விலையை 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று போலந்து வம்சாவளிப் பெண்கள் கறிக்கடைகளைப் புறக்கணித்தார்கள். தலைமை தாங்கியவர் மேரி சுக் என்ற இளம் இல்லத்தரசி. போராட்டம் வேறு நகரங்களுக்கும் பரவியது. அடுத்த ஆண்டே அவர் நகர மன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சிவப்புப் புள்ளிகள்

அடுத்து வந்தது உலகப் போர். 1943 மார்ச் 29 முதல் அமெரிக்காவில் இறைச்சிக்கு ரேஷன். காசு இருந்தால் மட்டும் போதாது, சிவப்புப் புள்ளிகளும் வேண்டும். ஆளுக்கு வாரம் 16 புள்ளி. இறைச்சி மட்டுமின்றி வெண்ணெய், சீஸ், சமையல் கொழுப்பு எல்லாவற்றுக்கும் அதே 16 புள்ளிதான். ஒவ்வொரு துண்டு இறைச்சிக்கும் ஒரு புள்ளி விலை. நல்ல ஸ்டேக் துண்டுக்கு அதிகம், கொத்துக்கறிக்குக் குறைவு. எனவே வீட்டுத் தலைவிக்கு இரண்டு வரவு செலவுத் திட்டம். ஒன்று டாலரில், இன்னொன்று புள்ளியில். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வர வேண்டும். இரண்டு கணக்கிலும் சாதகமாக வந்த பண்டம் கொத்துக்கறி!

வாணலியில் மிஞ்சிய கொழுப்பைக்கூட வீணாக்கவில்லை. டப்பாவில் வடித்துச் சேர்த்துக் கறிக்கடையில் திருப்பிக் கொடுக்கும்படி அரசு கேட்டது. கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. பின்னாளில் அதற்குக் கொஞ்சம் காசும் கூடவே சிவப்புப் புள்ளிகளும் கொடுத்தார்கள்.

1945 நவம்பரில் இறைச்சி ரேஷன் முடிந்தது. ஆனால் விலைக் கட்டுப்பாடு தொடர்ந்தது. 1946ல் கட்டுப்பாடு கொஞ்ச காலம் விலகி மறுபடி வந்தபோது, விலை ஏறட்டும் என்று வளர்ப்பவர்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தார்கள். கடைகளில் இறைச்சியே இல்லை. அதிபர் ட்ரூமன் அக்டோபர் 14ஆம் தேதி இறைச்சி மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. நவம்பர் தேர்தலில் அவர் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் இழந்தது. பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் "பீஃப்ஸ்டேக் தேர்தல்".

71 சென்ட்

1950கள் வந்தன. புறநகர் வீடுகள், குளிர்சாதனப் பெட்டி, வீட்டுப் பின்புறத்தில் புல்தரை. கொத்துக்கறி சீக்கிரம் கெடும் பொருள். குளிர்சாதனப் பெட்டி பரவலானதும்தான் மலிவாக இருக்கும் நாளில் மொத்தமாக வாங்கி வைக்க முடிந்தது. 1952ல் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் மிதவையைப் பாதியாக வெட்டி உருவாக்கிய உருண்டை அடுப்பு, வெபர் கெட்டில் என்ற பெயரில் புகழ்பெற்றது. பெண்ணின் சமையலறைச் சிக்கனமாக இருந்த பர்கர், விடுமுறை நாளில் அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு சுடும் கொண்டாட்டமாகவும் ஆனது.

ஆனால் எல்லா வீட்டிலும் புல்தரை இல்லை. 1964 ஜனவரியில் அதிபர் ஜான்சன் வறுமை மீது போர் அறிவித்தார். சரி, யார் ஏழை? எத்தனை பேர் ஏழை? அதற்கு ஒரு கோடு வேண்டுமே!

அந்தக் கோட்டை வரைந்தவர் மாலி ஒர்ஷான்ஸ்கி. 1915ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், உக்ரைனிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். விவசாயத் துறையில் குடும்ப வரவு செலவு ஆய்வுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சமூகப் பாதுகாப்புத் துறைக்கு வந்தவர். அவர் போட்ட கணக்கு எளிமையானது. விவசாயத் துறை 1955ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, குடும்பங்கள் வரி போக மீதி வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. எனவே விவசாயத் துறையின் மலிவான உணவுத் திட்டத்துக்கு ஆகும் செலவை மூன்றால் பெருக்கினால் வறுமைக் கோடு.

1963ல் பண்ணையில் வாழாத நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்குச் சுமார் 3,130 டாலர். இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு: சுமார் 1,043 டாலர்.
ஒரு நாளைக்கு (365ஆல் வகுத்தால்): சுமார் 2.86 டாலர்.
ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு: சுமார் 71 சென்ட்.
நான்கு பேருக்கு ஒரு வேளைக்கு: சுமார் 95 சென்ட்.

அந்தக் காலத்தில் மெக்டொனால்ட்ஸ் பர்கர் 15 சென்ட். மலிவுக்குப் பேர்போன கடை அது. நான்கு பேருக்கு ஆளுக்கு ஒன்று வாங்கினால் 60 சென்ட். கூடவே ஆளுக்கு 10 சென்ட்டுக்கு உருளைக்கிழங்கு வறுவல் என்று வைத்தாலும் மொத்தம் ஒரு டாலர். 95 சென்ட் தாண்டிவிட்டது! அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு சின்ன பர்கர். வேலைக்குப் போய் வந்த ஆளுக்கு அது எந்த மூலைக்கு? ஆக, மலிவுக்குப் பேர்போன கடையின் பர்கர்கூட வறுமைக் கோட்டில் நிற்கும் குடும்பத்துக்கு எட்டாது. வீட்டில் சமைத்தே ஆக வேண்டும்.

அந்த உணவுத் திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. எல்லா வேளையும் வீட்டில் சமைக்க வேண்டும், விலை பார்த்து வாங்கத் தெரிய வேண்டும், எதையும் வீணாக்காத கைத்திறன் வேண்டும். அதோடு, பணம் குறைவாக இருக்கும்போது தற்காலிகமாக, நெருக்கடிக்காகப் பயன்படுத்தவே அந்தத் திட்டம் உருவாக்கப்பட்டது. 1933ன் அந்த நான்காவது வகை ஞாபகம் இருக்கிறதா? அதே எண்ணம்தான். ஒர்ஷான்ஸ்கி இதைவிடக் கொஞ்சம் தாராளமான திட்டத்தை வைத்தும் இன்னொரு கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அரசு எடுத்துக்கொண்டது கீழே இருந்த கோட்டை. நெருக்கடிக்கான உணவு, லட்சக்கணக்கான குடும்பங்களின் நிரந்தர அளவுகோலாக ஆனது. எவ்வளவு இருந்தால் போதும் என்று சொல்ல முடியாவிட்டாலும், எவ்வளவு இருந்தால் போதாது என்றாவது சொல்ல முடியும் என்பது ஒர்ஷான்ஸ்கியின் வாதம். 1969ல் அவர் கோடு அதிகாரபூர்வமானது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்படுகிறதே தவிர, அடித்தளம் அன்று போட்ட கணக்குதான்.

அதே 1964ல் உணவு முத்திரைச் சட்டமும் வந்தது. ஏழைக் குடும்பங்கள் முத்திரை கொடுத்து மளிகை வாங்கலாம். பின்னாளில் அந்தத் திட்டத்தின் விதிகளில் சுடச்சுடச் சமைத்த உணவு பொதுவாக விலக்கப்பட்டது. கொத்துக்கறி வாங்கலாம், பன் வாங்கலாம், வெங்காயம் வாங்கலாம். சுட்டு வைத்த பர்கரை வாங்க முடியாது. அடுப்பும் நேரமும் அவர்களிடம் இருக்கும் என்பது அரசின் அனுமானம்.

மறுபடியும் விலை, மறுபடியும் புறக்கணிப்பு

1970களின் தொடக்கத்தில் இறைச்சி விலை மறுபடி ஏறியது. 1971ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் நாடு முழுவதும் "ஹாம்பர்கர் ஹெல்பர்" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. உள்ளே உலர்ந்த நூடுல்ஸும் மசாலாத் தூளும். ஒரு பவுண்டு கொத்துக்கறியை வாணலியில் வதக்கி இதைக் கொட்டினால் குடும்பத்துக்கே சாப்பாடு. யோசித்துப் பார்த்தால், பெருமந்தக் காலத்து அம்மா ஓட்ஸ் கலந்து செய்த அதே வேலையைத்தான் நிறுவனம் பெட்டியில் அடைத்து விற்றது. நீட்டும் கலையே சரக்காகிவிட்டது!

1973 மார்ச் 29ஆம் தேதி அதிபர் நிக்சன் மாடு, பன்றி, ஆட்டு இறைச்சிகளுக்கு உச்சவரம்பு விலை அறிவித்தார். அது போதாது என்று ஏப்ரல் முதல் வாரம் நாடு முழுவதும் இல்லத்தரசிகள் இறைச்சி வாங்காமல் இருந்தார்கள். 1902, 1935, 1973. மூன்று தலைமுறை, ஒரே கோபம்.

சிக்கனத்தின் ஆபத்து

கொத்துக்கறியின் மலிவுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பல மாடுகளின் துண்டுகள் ஒன்றாக அரைபடும். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில் மட்டும் இருக்கும், சுட்டால் சாகும். அரைத்தால் மேற்பரப்பு உள்ளே போய்விடும். 1993ல் ஒரு உணவகச் சங்கிலியின் சரியாக வேகாத பர்கர்களால் எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை O157 வகைக் கிருமி. அடுத்த ஆண்டே விவசாயத் துறை அந்தக் கிருமி உள்ள கொத்துக்கறியைக் கலப்படப் பொருள் என்று அறிவித்தது. பர்கரின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வேண்டும் என்பது இன்று அங்கே வீட்டுச் சமையலுக்கும் சொல்லப்படும் பாடம்.

கணக்கில் வராத ஒன்று

இந்த நூறு ஆண்டுக் கதையில் விலை இருக்கிறது, புள்ளி இருக்கிறது, சதவீதம் இருக்கிறது. ஒன்று மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அது சமைத்தவரின் நேரம். கறிக்கடையில் நின்று பேரம் பேசிய நேரம், எந்திரத்தைச் சுற்றிய நேரம், பழைய ரொட்டியைப் பொடித்த நேரம், ஒரு பவுண்டை ஆறாகப் பிரித்து எல்லோர் தட்டிலும் சமமாகத் தெரிய வைத்த சாமர்த்தியம். 71 சென்ட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு போட முடியும் என்று அரசாங்கம் எழுதியபோது, இந்த உழைப்புக்கு அது போட்ட விலை பூஜ்ஜியம். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்?

2021ல் அமெரிக்க விவசாயத் துறை தன் சிக்கன உணவுத் திட்டத்தை மறுபடி கணக்கிட்டு 21 சதவீதம் உயர்த்தியது. 1975ல் அந்தத் திட்டம் வந்ததிலிருந்து, விலைவாசியைத் தாண்டி அதன் உண்மையான மதிப்பு உயர்ந்தது அதுவே முதல் முறை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று!

கடையில் வாங்கும் பர்கருக்கு ரசீது உண்டு. எவ்வளவு கறி, எவ்வளவு கூலி, எவ்வளவு வாடகை என்று எல்லாம் அதன் விலைக்குள் இருக்கும். வீட்டு பர்கருக்கு ரசீது கிடையாது. அதனால்தான் அது மலிவாகத் தெரிகிறது. அடுத்த முறை வீட்டில் யாராவது இருப்பதை வைத்து எல்லோருக்கும் சாப்பாடு போட்டுவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காரும்போது, அந்த எழுதாத ரசீதை ஒரு நிமிடம் மனதில் எழுதிப் பாருங்கள்.